நுன்ஸியோ பெரில்லி உறுப்பினர்தானா?

நெவார்க் நகரத்தின் வடக்கு வார்டில் ஒரு மனிதன் "நான் இன்னார்" என்று சொல்ல முடியாத காரணத்தாலேயே சாக நேரலாம். இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்த அமைப்புக்குப் பெயர் கிடையாது. அதில் இருப்பவர்கள் "நம்ம விஷயம்" என்பார்கள். ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரைச் சந்திக்கும்போது, "நானும் உங்க ஆள்தான்" என்று சொல்லக் கூடாது. இருவரையும் உறுப்பினர்களாக அறிந்த மூன்றாவது உறுப்பினர் ஒருவர் நடுவில் நின்று, இவர் நம்மவர், அவரும் நம்மவர் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் ஆள் வராவிட்டால் இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். போலீஸ் ஆள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. அடையாள அட்டை இல்லை, பதிவேடு இல்லை. யாருக்கு யாரைத் தெரியும் என்கிற ஞாபகம்தான் பதிவேடு. அந்தப் பதிவேட்டின் பக்கங்களை அமைப்பே வருடத்துக்கு நாலைந்தாகச் சுட்டுத் தள்ளிவந்தது. இதில் ஒரு சிக்கல் வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நுன்ஸியோ பெரில்லி பத்தொன்பது வருடம் காத்திருந்து உறுப்பினர் ஆனவன். காத்திருந்த காலத்தில் கார் ஓட்டினான், காவல் நின்றான், இரண்டு பேர் காணாமல் போனதைப் பற்றி அசுந்தாவிடம் சொல்லாமல் இருந்தான். அசுந்தா அவன் மனைவி. தொழில் என்று பார்த்தால் அவன் உணவகங்களுக்கு மேஜைவிரிப்பு வாடகைக்குக் கொடுப்பவன். திங்கட்கிழமை அழுக்கு விரிப்புகளை எடுத்துப்போய், புதன்கிழமை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவான். அவனிடம் வாடகைக்கு எடுக்காத உணவகங்களின் அடுக்களையில் தீப்பிடித்தது. அதனால் எல்லோரும் எடுத்தார்கள். புளூம்ஃபீல்டு அவென்யூ முழுக்க விரிப்புகள் பளிச்சென்று இருந்தன என்பதை அவன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

எழுபத்தைந்தாம் வருடம் ஒரு சாஸேஜ் கடையின் பின்னறையில் அவனை உறுப்பினர் ஆக்கினார்கள். விரலில் ஊசியால் குத்தி, ஒரு புனிதரின் படத்தில் ரத்தத்தைத் தடவி, படத்தைக் கொளுத்தி அவன் உள்ளங்கையில் வைத்தார்கள். அது எரிந்து சாம்பலாகும்வரை கைமாற்றிக்கொண்டே சத்தியம் செய்தான். அப்போது அறையில் அவனைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், அவனுடைய குழுவுக்குக் கேப்டனான ஃபிலிபெர்ட்டோ, அதோடு நிறுத்திக்கொண்டார். நுன்ஸியோவை வேறு யாருக்கும் அறிமுகம் செய்யவில்லை. "நீ என் கையிருப்பு, தம்பி. யாருக்கும் தெரியாத ஆள்தான் என்னைக்காவது உதவுவான்," என்பார். பதினோரு வருடத்தில் அந்த ஐந்து பேரில் ஒருவர் நிறுத்திவைத்த காருக்குள் செத்தார். ஒருவர் மீன்பிடிக்கப் போய் மீன்களோடு தங்கிவிட்டார். மூன்றாமவர் ஒரு கட்டடத்தின் அஸ்திவாரத்தில் சேர்ந்தார். ஃபிலிபெர்ட்டோ ஒரு ஞானஸ்நான விருந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போனார். அமைப்பில் இயற்கையாகச் செத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் இரண்டு வாரம் விசாரணை நடந்தது.

எண்பத்தாறாம் வருடம் எலிசபெத் நகரத்திலிருந்து புதுத் தலைவர் வந்தார். பெயர் லமோனிகா. அவருடைய மருமகன் ரெனாட்டோ ஒரு மத்தியான வேளையில் உணவகத்துக்கு வந்து, சேறு படிந்த ஷூவை மேஜைவிரிப்பின் ஓரத்தால் துடைத்தான். பக்கத்து மேஜையில் நுன்ஸியோ இருந்தான்.

"அது துடைக்கிற துணி இல்ல, தம்பி," என்றான் நுன்ஸியோ.

"நீ யாரு அதைச் சொல்ல?"

எளிமையான கேள்விதான். ஆனால் விதிப்படி அதற்கு அவன் பதில் சொல்ல முடியாது. மூன்றாம் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். பரிமாறுகிறவர் மட்டும் இருந்தார். நுன்ஸியோ எழுந்து ரெனாட்டோவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

இந்த இடத்தில் விதி மிகத் தெளிவாக இருக்கிறது. ஓர் உறுப்பினரை இன்னோர் உறுப்பினர் அடித்தால், கூட்டம் போட்டு, இரண்டு தரப்பையும் கேட்டு, பிறகு முடிவெடுக்க வேண்டும். வெளியாள் அடித்தால் கூட்டம் தேவையில்லை. கண்ட இடத்தில் சுடலாம். ரெனாட்டோ உறுப்பினர். நுன்ஸியோ யார் என்பதுதான் கேள்வி.

மறுநாள் அவன் சான் ரோக்கோ நற்பணி மன்றத்துக்குப் போனான். அங்கே புதுக் கேப்டன் அமெடியோ சீட்டாடிக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக ஒரே தெருக்காரர்.

"அமெடியோ அண்ணே, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமே. மேஜைவிரிப்பு பெரில்லி. உன் கல்யாணத்துல நான் வாந்தி எடுத்தேன்."

"அது இல்ல. நான் நம்ம விஷயத்துல இருக்கேன்."

அமெடியோ சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "எந்த விஷயம்?"

"நம்ம விஷயம்."

"அப்படி ஒண்ணும் கிடையாது."

"அண்ணே, நீங்க அதுல கேப்டன்."

"பாரு நுன்ஸி, நீ உள்ள இருக்கறவனா இருந்தா அப்படி ஒண்ணு இருக்குன்னு உன்கிட்ட சொல்லுவேன். நீ இல்லாதவனா இருந்தா அப்படி ஒண்ணு இல்ல. நீ இருக்கியா இல்லையான்னு தெரியாதவரைக்கும், அது இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது."

"அப்ப யார்கிட்ட கேக்கறது?"

"கேக்கக் கூடாது. யாராவது வந்து சொல்லணும். உசுரோட இருக்கணும். செத்தவங்க சாட்சி செல்லாது. போன வருஷம் ஒருத்தன் அப்படி முயற்சி பண்ணினான்." அமெடியோ குரலைத் தாழ்த்தினார். "மூணு வாரம் தர்றேன். எனக்கு உன்னைப் பிடிக்கும், அதான். ரெனாட்டோ உன்னை நாளைக்கே முடிச்சிடணும்ங்கறான்."

வீட்டில் அசுந்தா நடந்ததைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "ஃப்ளோரிடாவுல என் தங்கச்சி வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. நாளைக்குக் காலைல கிளம்பலாம்."

"ஓடினா என்ன நினைப்பாங்க? இவன் உறுப்பினரே இல்ல, அதான் ஓடிட்டான்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். நீ உசுரோட இருப்பே."

"பத்தொன்பது வருஷம் அசுந்தா."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பத்தொன்பது வருஷமும் சாப்பாட்டைச் சூடு பண்ணிட்டு உக்காந்திருந்தவ நான்தானே? என்னை யாரும் உறுப்பினர் ஆக்கல."

ஐந்து பேரில் மிச்சம் இருந்தவர் டான் எலிசியோ. எண்பத்தெட்டு வயது. கடலோர ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் இருந்தார். நுன்ஸியோ ஒரு பெட்டி பாதாம் பிஸ்கட்டோடு போனான். கிழவருக்குத் தன் பிள்ளைகள் பெயர் மறந்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துவிட்டது. ஆனால் உறுப்பினராக்கும் சடங்கு மட்டும் ஓர் எழுத்து பிசகாமல் நினைவில் இருந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"தினமும் செய்யறார்," என்றாள் டாப்னி என்ற தாதி. "ஊசியைப் பிடுங்கி வெச்சுட்டேன். இப்ப பிளாஸ்டிக் முள்கரண்டியால குத்தறார். நெருப்புக்கு அனுமதி இல்லைங்கறதால படத்தைக் கிழிச்சுக் கையில தர்றார். இந்த மாடியில பதினோரு பேர் சேர்ந்தாச்சு. நானும் சேர்ந்துட்டேன், சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சார், வேற வழியில்ல."

"டான் எலிசியோ, என்னைத் தெரியுதா?" என்று நுன்ஸியோ கேட்டான்.

கிழவர் அவனை உற்றுப் பார்த்தார். கண்ணில் நீர் திரண்டது. "சாஸேஜ் கடை. உன் கை நடுங்கிச்சு. சாம்பலைக் கீழ போட்டுட்டே."

நுன்ஸியோ அவருடைய கையை முத்தமிட்டான்.

குறித்த நாளில் கிழவரை மன்றத்துக்குக் கூட்டிவந்தான். விதிப்படி நுன்ஸியோ கூட்டத்தில் உட்கார முடியாது, ஏனென்றால் அவன் உறுப்பினரா என்று இன்னும் தெரியாது. அதனால் அடுக்களையில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கதவு இடுக்கு வழியாகத் தன் உயிரைப் பற்றிய விவாதத்தைக் கேட்டான்.

முதலில் லமோனிகா பேசினார். நல்ல குரல். "நாம ரவுடிங்க இல்ல. ரவுடிங்களுக்கு விதி கிடையாது. வெளியில அரசாங்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க காசு குடுத்தா யாரு வேணா எது வேணா ஆகலாம். இங்க அப்படி இல்ல. எனக்கு முன்னால இருந்த தலைவரை எடுத்துக்குங்க. அவரை நான் அப்பா மாதிரி மதிச்சேன். அவரைச் சுடறதுக்கு முன்னால மூணு கூட்டம் போட்டேன். மூணுலயும் காபி குடுத்தேன். முறைங்கறது அதுதான்." எல்லோரும் மெல்லத் தலையசைத்தார்கள்.

பிறகு டான் எலிசியோ எழுந்தார். "பெரில்லி நம்மவன்," என்றார். கழுவுதொட்டிப் பக்கம் ஒருவனுக்கு மூச்சு வந்தது. கிழவர் உட்காரவில்லை. "வாசல்ல வண்டியில இருக்கற டாப்னியும் நம்மவ. மேல்மாடி ஸ்டாஷ், போலந்துக்காரன், பஸ் ஓட்டினவன், அவனும் நம்மவன். எதிர் அறையில ஒரு பாதிரியார்."

சிக்கல் இதுதான்: டான் எலிசியோ மூத்த உறுப்பினர். அவர் வாக்கைச் செல்லாது என்று சொல்ல விதி இல்லை. செல்லும் என்றால் ஒரு தாதியும் ஒரு பஸ் ஓட்டுநரும் உள்ளே வருகிறார்கள்.

"பெரில்லியைச் சேத்தா அந்த அம்மாவுக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கணும்," என்றார் அமெடியோ.

"அந்த அம்மாகிட்ட பேசினேன்," என்றார் ஒருவர். "நம்ம ஆளுங்க பாதிப் பேரைவிட வாயை மூடிட்டு இருக்காங்க."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, சாட்சியை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று முடிவாயிற்று. ஆகவே பெரில்லி உறுப்பினர் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆகவே அவன் வெளியாள். ஆகவே வியாழக்கிழமை.

புதன்கிழமை விடியற்காலையில் அரசாங்கத்துப் புலனாய்வுக்காரர்கள் வந்து எல்லோரையும் கைது செய்தார்கள். நுன்ஸியோவின் வாழ்க்கையில் கதவைத் தட்டியவர்களைப் பார்த்து அவன் நன்றி சொன்னது அதுவே முதல் தடவை.

விசாரணை அறையில் ஹாலோரன் என்ற அதிகாரி காத்திருந்தார். சுவர் முழுவதும் ஒரு படம். மேலே லமோனிகாவின் முகம், அதன்கீழ் கோடுகள், கேப்டன்கள், அவர்களின்கீழ் மறுபடியும் கோடுகள். வலது மூலையில், ஃபிலிபெர்ட்டோவின் கீழே, நுன்ஸியோவின் முகம் இருந்தது. அதன்கீழ்: உறுப்பினர், பதினான்காம் தேதி, மார்ச், எழுபத்தைந்து.

நுன்ஸியோ நாற்காலியில் உட்கார்ந்து அழுதான்.

"எல்லாரும் இதைப் பாத்ததும் அழுவாங்க," என்றார் ஹாலோரன். "ஆனா இவ்வளவு சந்தோஷமா யாரும் அழுததில்ல."

"இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

ஹாலோரன் பெருமையோடு விளக்கினார். சாஸேஜ் கடைக் குளிர் அறையின் வெப்பமானிக்குள் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். சடங்கு முழுவதும் பதிவாகியிருந்தது. ஒரே குறை, குளிர் அறையின் கம்ப்ரஸர் அதைவிட நன்றாகப் பதிவாகியிருந்தது. "இந்தப் படத்துக்குப் பதினாலு வருஷ உழைப்பு. உங்க தலைவருக்குத் தன்கிட்ட எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியாது. எனக்குத் தெரியும். ஒருத்தனுக்குப் பதவி உயர்வு குடுத்தா அன்னிக்கே கோடு மாத்திடுவோம். போன வருஷம் நாலு பேரைக் கொன்னீங்க, ஒருத்தனாவது எங்களுக்குச் சொல்லி அனுப்பினானா? அந்தக் கோடுகளையெல்லாம் அழிச்சது யாரு? நாங்க இல்லேன்னா உங்க அமைப்பு எப்பவோ குழம்பிப்போயிருக்கும்."

"இதுல ஒரு நகல் கிடைக்குமா?"

"கிடைக்காது. ஆனா ஒலிநாடாவைக் கோர்ட்டுல எல்லாரும் கேக்கும்படி போடலாம். குரல் யாருதுன்னு அந்த அறையில இருந்த ஒருத்தர் சொன்னாப் போதும். சொன்னா அரிஸோனாவுல வீடு, புதுப் பேரு, பாதுகாப்பு."

"புதுப் பேரு எதுக்கு?" என்றான் நுன்ஸியோ திகைத்து. "அந்தப் பேர்ல இருக்கறவனை யாரும் உறுப்பினர் ஆக்கலையே."

ஜாமீன் கிடைக்காததால் எல்லோரும் ஒரே சிறையில் இருந்தார்கள். முற்றத்தில் அமெடியோ அவன் பக்கத்தில் வந்து நின்றார். "ரெனாட்டோ விஷயம் அப்படியேதான் இருக்கு. வழக்கு முடியற வரைக்கும் யாரும் யாரையும் கொல்ல வேண்டாம்னு வக்கீல் கேட்டுக்கிட்டார். ஜூரி கண்ணுக்கு நல்லா இருக்காதாம்."

"அரசாங்கமே நான் உறுப்பினர்னு எழுதி வெச்சிருக்கு, அண்ணே. படம் இருக்கு. தேதி இருக்கு."

"அரசாங்கம் சொன்னதை நம்பச் சொல்றியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"ஒலிநாடா இருக்கு. என் குரல். டான் எலிசியோ குரல். தலைவர் தன் காதால கேட்டா நம்புவார்தானே?"

அமெடியோ யோசித்தார். "காதால கேட்டா வேற வழியில்ல. நம்பித்தான் ஆகணும்."

ஞாயிற்றுக்கிழமை அசுந்தா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசியில் அவன் திட்டத்தைக் கேட்டாள். "அரிஸோனாவுக்கு நானும் வர்றேன்னு சொன்னேனே. அந்த அதிகாரிகிட்ட நானே பேசிட்டேன். அங்க தக்காளி வளரும்னு சொன்னார்."

"நான் யாரையும் காட்டிக்குடுக்கப் போறதில்ல. என் குரல் என்னுதுன்னு மட்டும்தான் சொல்லப் போறேன். அதுல என்ன தப்பு?"

"நாப்பது வருஷத்துல நீ என்கிட்ட ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லுவேன்னு காத்திட்டிருந்தேன். அதைப் போய் கோர்ட்டுல சொல்லப் போறே," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மாட்டினாள்.

வழக்கு தொடங்கியது. லமோனிகாவின் வக்கீல் ஜூரியைப் பார்த்துச் சொன்ன வாதம் எளிமையானது: இப்படி ஓர் அமைப்பே உலகத்தில் கிடையாது. இவர்கள் புனித ரோக்கோவின் மேல் பக்தி கொண்ட குடும்பஸ்தர்கள். ஒலிநாடாவில் இருப்பது ஒரு குளிர்பெட்டியின் சத்தம். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அரைமணி நேரம் அதைக் கேட்டார்கள். குளிர்பெட்டி என்றே அவர்களுக்கும் பட்டது. இப்படியே விட்டிருந்தால் இரண்டு நாளில் விடுதலையாகி எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நுன்ஸியோ மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

அவன் எழுந்து சாட்சிக் கூண்டுக்குப் போனான்.

"இந்தக் குரல் யாருடையது?" என்று அரசுத் தரப்பு கேட்டது.

"என்னுது."

"எந்தச் சந்தர்ப்பத்தில் பேசியது?"

நுன்ஸியோ லமோனிகாவை நேராகப் பார்த்தான். பதினோரு வருடமாகச் சொல்ல முடியாததைச் சொல்கிற மனிதனுக்கு முதுகு தானாக நிமிரும். "என்னை உறுப்பினர் ஆக்கினப்ப பேசினது."

யாருடைய குரல் என்று தெரிந்த பிறகு காதுக்குச் சட்டென்று எல்லாம் பிடிபடும். ஒலிநாடாவை மறுபடி ஓட்டினார்கள். கம்ப்ரஸரின் உறுமலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் துலங்கி வந்தது. பதினோரு வருடம் இளைய குரல், கொஞ்சம் நடுங்கியது. "இப்படி ஒன்று இருக்கிறது என்று வெளியாள் எவனிடமாவது நான் சொன்னால், இந்தப் படம் எரிவதைப் போல நானும் எரிந்து போவேனாக." பிறகு டான் எலிசியோவின் குரல்: "சாம்பலைக் கீழே போடாதே."

தன் குரலைக் கேட்டு முகம் மலர்ந்திருந்த நுன்ஸியோ, அந்தக் குரல் சொன்னது என்ன என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டான்.

எல்லோருக்கும் தண்டனை கிடைத்தது. லமோனிகாவுக்கு நூறு வருடம். ஒத்துழைத்ததற்காக நுன்ஸியோவுக்கு நாலு வருடம் மட்டும். அரிஸோனாக் காகிதத்தில் அன்று மாலையே கையெழுத்துப் போடச் சொன்னார் ஹாலோரன். மறுநாள் போடுகிறேன் என்றான் நுன்ஸியோ. சிறைக் கோயிலில் அன்று ஒரு கூட்டம் இருப்பதாகவும், அவனைப் பெயர் சொல்லி அழைத்திருப்பதாகவும் அமெடியோ வந்து சொல்லியிருந்தார்.

"நானா? மேஜையிலயா?"

"உறுப்பினரை மேஜையில உக்கார வெக்காம எங்க உக்கார வெக்கறது?"

பலிபீடத்துக்கு முன்னால் பாடற்குழுவின் நீளமேஜையைப் போட்டிருந்தார்கள். ஏழு நாற்காலிகள். லமோனிகா எழுந்து வந்து நுன்ஸியோவின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டார். "மன்னிச்சுக்கணும், பெரில்லி. உங்களுக்குச் சேர வேண்டிய மரியாதையை நாங்க குடுக்கல. அடுக்களையில நிக்க வெச்சுட்டோம்." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ரெனாட்டோவை அடிச்சதைப் பத்தி இனிப் பேச்சில்ல. அது ரெண்டு உறுப்பினருக்கு நடுவுல நடந்தது. அவன் மேஜைவிரிப்புல ஷூ தொடச்சது தப்பு."

ரெனாட்டோ மன்னிப்புக் கேட்டான். நுன்ஸியோ தாராளமாக மன்னித்தான்.

"அடுத்தது," என்றார் லமோனிகா. "நம்ம விஷயத்தைப் பத்தி வெளியில பேசின உறுப்பினரைப் பத்தினது. இதுக்கு எல்லாரும் ஒருமனதாக் கை தூக்கணும். முறை அதுதான்."

ஆறு கைகள் உயர்ந்தன. ஆறு பேரும் நுன்ஸியோவைப் பார்த்தார்கள்.

ஒருமனது என்றால் எல்லோரும் என்று அர்த்தம். தான் கையைத் தூக்காவிட்டால் முடிவு செல்லாது என்பது நுன்ஸியோவுக்கு மெல்லப் புரிந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். உட்கார்ந்தே இருக்கலாம். நாளைக்கு ஹாலோரன் வருவார். அசுந்தா பெட்டி கட்டியிருப்பாள்.

லமோனிகா பொறுமையாகக் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "எந்த அவசரமும் இல்ல," என்றார். "ஆனா இந்த மேஜையோட சேந்து கை தூக்காதவன் இந்த மேஜையைச் சேந்தவன் இல்ல. அப்படின்னா உங்களை நாங்க தப்பா உக்கார வெச்சுட்டோம். வெளியாளுக்கு ஓட்டெடுப்பே தேவையில்லைன்னு உங்களுக்கே தெரியும்."

நுன்ஸியோ இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தான். கோயில் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் முற்றத்தில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்குத்தான் போயின. ஒரு பக்கத்தில் மட்டும் நாற்காலி இருந்தது.

தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தான். தோள் உயரம் வரைதான் தூக்கினான்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அமெடியோ அன்பாக. அவன் தூக்கினான்.

"ஏழு," என்று எண்ணி முடித்தார் லமோனிகா. "நன்றி. அடுத்தது, இங்க குடுக்கற காபி. கழனித் தண்ணி மாதிரி இருக்கு. நாளைக்கு மத்தியானம் சிறை அதிகாரியைப் பாத்துப் பேச ஒருத்தர் வேணும்."

"நாளைக்கு மத்தியானம் பெரில்லிக்கு முடியாது," என்றான் ரெனாட்டோ, குறிப்பாக எதையும் உணர்த்தாமல்.

"காலைல போகலாமே," என்றான் நுன்ஸியோ. மறுபடியும் கையைத் தூக்கியிருந்தான். இந்தத் தடவை முதல் கை அவனுடையது.